கசுபா சொன்னது

கபுஷா மேல்நிலைப் பள்ளியில் 1986-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கங்வாவை மிஞ்ச ஆள் கிடையாது. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கிறவர்கள் தலைநகர் லுசாகாவிலும் தூரத்து லிவிங்ஸ்டனிலும் இருந்தார்கள். யாராவது புதுக் கார் வாங்கிப் படம் போட்டால், காரை விட்டுவிட்டு அதன் முன்னால் நிற்பவரின் தொப்பையைப் பற்றி இரண்டு வரி எழுதுவார். அன்று பகல் முழுக்க மற்றவர்கள் அதையே வைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

பள்ளியில் அவருக்கு ரேடியோ என்று பெயர். கால்பந்து ஆட்டம் நடந்த மறுநாள், ஆசிரியர் வருவதற்குள் மேசைமேல் ஏறி நின்று, வர்ணனையாளரின் குரலிலேயே மொத்த ஆட்டத்தையும் மறுபடி ஓட்டிக் காட்டுவார். அந்தக் குரலைக் கேட்க அடுத்த வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்குவார்கள். முப்பத்தேழு வருடங்கள் ஆகியும் குழுவில் அவரை யாரும் கங்வா என்று கூப்பிடவில்லை.

அவருக்குக் காது கேட்காது என்பது குழுவிலிருந்த நாற்பத்தாறு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

பத்தொன்பது வருடம் சுரங்கத்துக்குள் பாறை துளைக்கும் எந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். முதலில் சேவல் கூவுவது நின்றது. சேவலுக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். பிறகு கெட்டில் மூடி துடிக்கும் சத்தம் போனது. அப்புறம் பெண்களின் குரல் போனது. ஆண்களின் குரல் ஏதோ பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்புறமிருந்து வருவதுபோல ஆனது. 2009-இல் மருத்துவச் சோதனை செய்து, ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காதுக்கருவி ஒன்றும் கொடுத்தார்கள். அது எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கியது, ஒன்றையும் தெளிவாக்கவில்லை. கொஞ்ச நாளில் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். இடது காதுக்குப் பக்கத்தில் வந்து, உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னால் புரியும். அப்படிச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவருடைய மனைவி பிரிஸ்கா.

ஓடைக்கரையில் கீரையும் தக்காளியும் போட்டார். பிரிஸ்கா அவற்றைச் சந்தையில் விற்றாள். குழுவில் யாராவது குரல்பதிவு அனுப்பினால் அவள் கேட்டுவிட்டு அவர் காதில் கத்துவாள். யாராவது போனில் அழைத்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, 'இங்கே சிக்னல் இல்லை, எழுது' என்று எழுதுவார். எழுத்தில் அவர் பழைய ரேடியோதான். அது போதும் என்றிருந்தார்.

அந்த நேரத்தில்தான் வகுப்புத் தோழன் ஜெரே ஒரு நாள் குழுவில் எழுதினான். ஆகஸ்ட் மாதம் எல்லாரும் கபுஷாவில் கூடுகிறோம், பழைய பள்ளி பார்க்கிறோம், மோட்டல் கூடத்தில் சாப்பாடு, பாட்டு. கணவன்மாரும் மனைவிமாரும் வர வேண்டாம், பழைய கதைகளுக்குச் சாட்சி தேவையில்லை. லுசாகாவில் இருபது லாரி ஓட்டுகிற ஜெரே சொன்னால் அது நடக்கும். கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்: ரேடியோ உள்ளூரிலேயே இருக்கிறான், அவனுக்கு மைக் தயார்.

பிரிஸ்கா அதைப் படித்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள்.

"முன்னாடியே சொல்லிடுங்க, கலுபா அப்பா. காது இப்படின்னு ஒரு வரி எழுதிப் போட்டுட்டா, வந்து பக்கத்துல நின்னு பேசப் போறாங்க."

"எப்படிப் பேசுவாங்கன்னு தெரியுமா உனக்கு? கைக்குழந்தைகிட்ட பேசுற மாதிரி பேசுவாங்க. அப்புறம் பேசறதையே விட்டுடுவாங்க. ஒரு நாள்தானே. நான் ரேடியோவாவே இருந்துட்டு வந்துடறேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள். அவருடைய ஒரே கோட்டை எடுத்து வெயிலில் போட்டாள்.

காது கேட்காதவர்கள் தாமாகவே சில வித்தைகளைக் கற்றுக்கொள்கிறார்கள். கங்வாவுக்குத் தெரிந்த முதல் வித்தை, தான் முந்திப் பேசிவிடுவது. பேச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் எதிராளிக்குக் கேள்வி கேட்க இடமே இருக்காது. கூடத்து வாசலில் ஜெரே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தபோது அவன் வாய் திறப்பதற்குள் இவர் தொடங்கிவிட்டார்.

"வந்துட்டியாடா எலி தின்னி. இருபது லாரி வச்சிருக்கே, ஒரு லாரியையாவது எலி புடிக்க அனுப்பக் கூடாதா? இப்படி இளைச்சுப் போயிருக்கியே."

ஜெரேயின் வயிறு குலுங்கியது. அவன் பதிலுக்கு என்ன சொல்லியிருப்பான் என்று கேட்காமலே தெரியும். ஜெரே ந்கோனி, கங்வா பெம்பா. கேலி செய்துகொள்ள இந்த இரண்டு இனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்தே உரிமை உண்டு. எலி தின்னி என்றால் குரங்கு தின்னி என்பது பதில். நாற்பது வருடமாக மாறாத பதில்.

கூடத்தின் நான்கு மூலையிலும் ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகள் நின்றன. பாட்டு அவருக்குக் காதில் கேட்கவில்லை. தரை வழியாகக் காலுக்கும் விலா எலும்புக்கும் வந்தது. அந்த இரைச்சலில் முகங்கள் வாயை வாயைத் திறந்து மூடின. அவர் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தார், ஒவ்வொருவருக்கும் ஒரு கேலி வைத்திருந்தார். சில இடங்களில் தடுமாறத்தான் செய்தார். கணக்கில் எப்போதும் முதலாவதாக வந்த சாம்சன் ஏதோ கேட்டான். மழையைப் பற்றி என்று நினைத்து, "இந்த வருஷம் ரொம்பக் குறைச்சல், போன வருஷம்தான் கொட்டித் தீர்த்துச்சு" என்றார். சுற்றி நின்ற ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாம்சன் கேட்டது எத்தனை பிள்ளைகள் என்று. அது அவருக்கு அப்போது தெரியாது. அவர் தவறாகச் சொன்னதெல்லாம் அன்று நகைச்சுவையாகவே போய்ச் சேர்ந்தது.

பிறகு மைக்கைக் கொடுத்தார்கள். பாட்டை நிறுத்தினார்கள். 1986 மாவட்ட இறுதி ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை அவர் ஓட்டிக் காட்டினார். தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்பது தெரியாமல், தொண்டையில் படும் அதிர்வை வைத்து அளந்துகொண்டே போனார். ஆட்கள் நாற்காலிமேல் ஏறினார்கள். பந்து வலைக்குள் போனபோது அந்தக் கூடமே எழுந்து நின்றது. அந்தப் பத்து நிமிடம் அவர் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தார். பேசுகிறவன் அவர்தான், கேட்கிறவர்கள் மற்றவர்கள்.

மைக்கைத் திருப்பிக் கொடுத்ததும் பாட்டு மறுபடி தரையில் ஏறியது. அவர் ஓர் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். அப்போதுதான் கசுபா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து அவருடைய வலதுபக்கம் உட்கார்ந்தாள்.

பதினொன்றாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அவர் பக்கத்து மேசையில் இருந்தவள் கசுபா. அவளுடைய அப்பா இறந்து இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்குத் திரும்பி வந்த அன்று யாரும் அவளிடம் பேசத் துணியவில்லை. கங்வா மட்டும், வேதியியல் ஆசிரியர் கழிப்பறைக்குப் போவதை ஒரு கால்பந்து ஆட்டமாக வர்ணித்து அவளைச் சிரிக்க வைத்தார். இப்போது மெலிந்திருந்தாள். தலைத்துணியை நெற்றிவரை இழுத்துக் கட்டியிருந்தாள்.

அவருக்கு வலது காது சுத்தமாகப் போய்விட்டது. அவளை இந்தப்பக்கம் வா என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தபோது அவள் தொடங்கிவிட்டாள். தலையைக் குனிந்து, தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அதனால் உதட்டைக்கூடப் பார்க்க முடியவில்லை. கால்மணி நேரம் பேசியிருப்பாள். ஞாயிறு என்று ஒரு சொல் மட்டும் காதில் விழுந்ததுபோல இருந்தது. கோயில் விஷயம் என்று நினைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் தலையாட்டினார். புருவத்தை உயர்த்தி ஏதோ கேட்டபோது, "கண்டிப்பா. கண்டிப்பா" என்றார்.

கசுபா அழுதாள். அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். ஜெரே வந்து அவரைப் படம் எடுக்க இழுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்ததும் பிரிஸ்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மைக் பிடித்ததை நடித்துக் காட்டினார். கடைசியில் கசுபாவைச் சொன்னார்.

"என்ன கேட்டாங்க?" என்று அவர் காதில் கேட்டாள் பிரிஸ்கா.

"தெரியல."

"எதுக்கோ ஒத்துக்கிட்டு வந்திருக்கீங்க. என்னன்னே தெரியாமலா? இப்பவே எழுதிக் கேளுங்க."

போனை எடுத்தார். 'இன்று பாட்டுச் சத்தத்தில் நீ சொன்னது சரியாகக் கேட்கவில்லை' என்று எழுதினார். படித்துப் பார்த்தார். ஒருத்தி உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்டிப்பாக என்று சொல்லிவிட்டு வந்து, நீ எதற்கு அழுதாய் என்று எப்படிக் கேட்பது? எழுதியதை அழித்தார். நாளைக்குக் கேட்கலாம் என்றார். மறுநாள் கேட்பது இன்னும் கடினமாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் அதைவிடக் கடினமாக இருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு பிரிஸ்காவும் கேட்பதை விட்டுவிட்டாள்.

செப்டம்பர் நடுவில் கசுபா குழுவை விட்டு வெளியேறினாள். குழுவில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் வெளியேறினார் என்று வருவது, விருந்தில் பாதியில் எழுந்து போவதைப் போன்றது. என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டார்கள். கங்வாவுக்குத் தான் சொன்ன 'கண்டிப்பா' ஞாபகத்துக்கு வந்தது. அதை மறைக்கப் பழக்கத்தில் கை தானாக எழுதியது: மோட்டலில் ஒரு கோழித்தொடை கணக்கில் வரவில்லையாம், அதை விசாரிப்பதற்குள் கசுபா ஓடிவிட்டாள். முப்பத்துநான்கு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள்.

அக்டோபர் வெயில் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாள், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தன் பெயர் முவிலா என்றாள். கசுபாவின் தங்கை. கங்வா என்பவர் யார் என்று கேட்டாள். கோழிகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்த கங்வாவைப் பிரிஸ்கா கூட்டி வந்தாள்.

முவிலா கத்துகிற ரகம் இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் தாழ்ந்தது. அவள் சொன்ன ஒவ்வொன்றையும் பிரிஸ்கா அவருடைய இடது காதில் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"அவங்க அக்காவுக்கு வயித்துல புத்துநோய்னு சொல்றாங்க."

கங்வா முவிலாவைப் பார்த்தார்.

"அன்னிக்குக் கூடத்துல உங்ககிட்ட மட்டும்தான் அதைச் சொன்னாங்களாம். பெத்த பிள்ளைங்ககிட்டகூட அப்போ சொல்லலையாம். உங்களை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்களாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து, பக்கத்துல உக்காந்து, எதையாவது பேசிட்டுப் போன்னு. நீங்க கண்டிப்பா வர்றேன்னீங்களாம்."

முவிலா விடாமல் பேசினாள். பிரிஸ்கா தொடர்ந்தாள். "மூணு ஞாயிறு வெளியில நாற்காலி போட்டு உக்காந்திருந்தாங்களாம். தலைத்துணியெல்லாம் மாத்திக் கட்டிக்கிட்டு. நாலாவது ஞாயிறு நாற்காலியை உள்ள எடுத்து வைன்னுட்டாங்களாம். அப்புறம் குழுவுல நீங்க எழுதுன அந்தக் கோழித்தொடை விஷயத்தை யாரோ அனுப்பிக் காட்டினாங்களாம்." பிரிஸ்கா நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்டே?"

"இதைக் கத்திச் சொல்ல வேண்டாமே."

"சொல்லு."

"நாய்கூட ஒரு தடவை வந்து மோந்து பாத்துட்டுப் போகும்னு சொல்றாங்க."

முவிலா அப்போதுதான் பிரிஸ்காவின் பக்கம் திரும்பினாள். "நான் இவர்கிட்ட பேசறேன். நீங்க எதுக்கு நடுவுல கத்திக்கிட்டே இருக்கீங்க?"

"இவருக்குக் காது கேக்காதும்மா. பதினாலு வருஷமாச்சு."

முவிலா தன் பையிலிருந்து போனை எடுத்தாள். யாரோ அன்று எடுத்த படத்தை ஓட்டிக் காட்டினாள். அதில் கங்வா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடமே சிரித்தது. "இந்த ஆளுக்கா?" என்றாள்.

பிரிஸ்கா வாதாடவில்லை. முவிலாவின் தோளைப் பிடித்துக் கங்வாவுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். "இங்கேருந்து என்ன வேணாலும் சொல்லுங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க" என்றாள். கங்வாவுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்தது. அவர் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் ஒருத்தி தன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கடைசியில் முவிலா சுற்றிக்கொண்டு முன்னால் வந்தபோது அவள் கன்னம் நனைந்திருந்தது. பின்னால் நின்று என்ன சொன்னாள் என்று அவர் பிரிஸ்காவிடம் என்றைக்கும் கேட்கவில்லை.

அந்த ஞாயிறே போனார். சந்தையைத் தாண்டி இரண்டாவது தெருவில் முவிலாவின் வீடு. கசுபா சுவரோரமாகப் போட்ட கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஆகஸ்டில் பார்த்தவளில் பாதிதான் இருந்தாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து வந்தவர், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோய், "நீ அன்னிக்குப் பேசுனதுல ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கல, கசுபா" என்றார்.

முவிலா ஏற்கெனவே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். கசுபா அவரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலித்தது போலிருக்கிறது, முகம் சுருங்கியது, ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. தங்கையிடம் ஏதோ சொன்னாள். முவிலா வந்து அவர் காதில் கத்தினாள்.

"கோயில்ல பாதிரியார்கூட இவ்வளவு நல்லாக் கேட்டதில்லையாம். நீங்க தலையாட்டுன அழகுல, சொல்ல வேண்டாம்னு நினைச்சதையெல்லாம் சேத்துச் சொல்லிட்டாளாம்."

"ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கக் கூடாதா, ஏன் வரலைன்னு?" என்றார் அவர்.

கசுபா சொன்னதை முவிலா திருப்பிச் சொன்னாள். "ஒரு தடவை அழுது கேட்டாச்சு. ரெண்டாவது தடவை எப்படிக் கேக்குறதாம்?"

அவர் நாற்காலியைக் கட்டிலோடு நெருக்கிப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஒரு ஞாயிறுகூட விடவில்லை. ஏழு ஞாயிறு போனார். முதல் அரைமணி நேரம் அவர் பேசுவார். பழைய ஆட்டங்களை ஓட்டிக் காட்டுவார். குரலை அடக்கிப் பேசத் தெரியாததால் தெருவில் போகிறவர்கள் ரேடியோதான் ஓடுகிறது என்று நினைத்தார்களாம். கசுபா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள், சில இடங்களில் உதடு மலரும். பிறகு முவிலா குழாயடிக்கோ கடைக்கோ கிளம்புவாள். அவள் போனதும் கசுபா பேசத் தொடங்குவாள்.

அவள் குரல் அதற்குள் மூச்சளவுக்குக் குறைந்துவிட்டது. முவிலாவுக்கே காதைப் பக்கத்தில் வைத்தால்தான் கேட்டது. எழுதச் சொல்லிப் பார்த்தார். மருந்தில் விரல் மரத்துப்போயிருந்தது. பேனா காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டு எங்கோ போயிற்று. முதல் ஞாயிறு அவர், "கேக்கல கசுபா, முவிலா வரட்டும்" என்றார். அவள் வேண்டாம் என்று கையை அசைத்தாள். பிள்ளைகளிடமும் தங்கையிடமும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று. அதை யாராவது ஒருவர் முன்னால் வெளியே விட வேண்டியிருந்தது. அப்படித்தான் அவர் புரிந்துகொண்டார். அதனால் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது தலையாட்டவில்லை.

ஏழாவது ஞாயிறு பெருமழை. தகரக்கூரை அதிர்வதை நாற்காலிக் காலில் உணர்ந்தார். முவிலா கடைக்குப் போனவள் மழையில் மாட்டிக்கொண்டாள். கசுபா வழக்கம்போலப் பேசவில்லை. கண்ணை மூடியே கிடந்தாள். திடீரென்று விழித்து, அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். ஏதோ சொன்னாள். சின்ன வாக்கியம்தான். நான்கைந்து சொல்லுக்கு மேல் இருக்காது. முன்பெல்லாம் பேசியது போல இல்லை. இதை அவர் கேட்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். அவர் குனிந்து இடது காதை அவள் வாயோடு ஒட்டி வைத்தார். சூடாக மூச்சு மட்டும் வந்தது.

"இன்னொரு தடவை சொல்லு. மெதுவா. நான் உதட்டைப் பாக்குறேன்."

சொன்னாள். முதலில் உதடு குவிந்தது, பிறகு விரிந்தது, நடுவில் ஒரு முறை மூடித் திறந்தது. அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது முறையும் சொன்னாள். அதற்குள் களைத்துவிட்டாள், கடைசிச் சொல்லில் உதடு அசையவே இல்லை. அவர் கதவைத் திறந்துகொண்டு மழையில் ஓடி, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் பயந்துபோய்க் கூடவே ஓடிவந்தாள். வருவதற்குள் கசுபா தூங்கிவிட்டாள். முவிலா திரும்பி வந்து எழுப்பிப் பார்த்தாள். கசுபா கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனையில் இறந்துபோனாள்.

வகுப்பு முழுவதும் பேருந்து பிடித்து வந்தது. புதைகுழிக்கு முன்னால் ஜெரே தன் கோட்டோடு சேற்றில் உட்கார்ந்து, குழியைப் பார்த்து விரலை நீட்டி ஏதோ சண்டை போட்டான். கசுபாவைப் போன்ற பெம்பாக்காரர்களின் சாவில் ந்கோனிக்காரன் அப்படிச் செய்வது வழக்கம். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையினூடே சிரித்தார்கள். அவன் என்ன சொன்னான் என்பதைப் பிரிஸ்கா பிறகுதான் சொன்னாள். "ஏ குரங்கு தின்னி, எங்க சாவுக்கு வந்து எங்களைக் கேலி பண்ண வேண்டியவ நீ. பாதியில எந்திரிச்சுப் போறதே உனக்கு வழக்கமாப் போச்சு. குழுவுலேருந்தும் இப்படித்தான் போனே" என்றானாம்.

அடக்கம் முடிந்து எல்லாரும் மரத்தடியில் நின்றபோது ஜெரே கங்வாவிடம் வந்தான். மற்றவர்களும் சுற்றிக்கொண்டார்கள். ஜெரேயின் வாய் அசைந்தது. பிரிஸ்கா அவர் காதருகே வந்தாள்.

"ஏழு வாரமா நீங்கதான் கூட இருந்தீங்களாம். கடைசியா என்ன சொன்னாங்கன்னு கேக்குறாரு."

கங்வா அவர்களைப் பார்த்தார். சாம்சன் இருந்தான், லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள். எல்லார் முகமும் அவர் பதிலுக்காகக் காத்திருந்தது.

"எனக்குக் காது கேக்காது" என்றார். "பதினாலு வருஷமாக் கேக்காது."

அவர்கள் சிரித்தார்கள். ரேடியோ சொன்னால் அது வேடிக்கை என்பது அவர்களுக்கு ஊறிப்போன பழக்கம். சாம்சன் அவர் முதுகில் ஒரு தட்டுக்கூடத் தட்டினான். கங்வா மறுபடி சொல்லவில்லை. பிரிஸ்கா அவர் பக்கத்தில் அசையாமல் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் ஒவ்வொருவராக அடங்கினார்கள். கடைசியாக அடங்கியவன் ஜெரே. அவன் கங்வாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு முகத்துக்கு நேராக எதையோ பேசினான், நிறையப் பேசினான். பிரிஸ்கா அதைக் காதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் என்று கையைக் காட்டினாள்.

குழு இன்னும் இருக்கிறது. இப்போது யாரும் குரல்பதிவு அனுப்புவதில்லை. எல்லாரும் கவனமாக, முழு வாக்கியமாக எழுதுகிறார்கள். சாம்சன் லுசாகாவில் ஒரு காது மருத்துவரின் எண்ணை அனுப்பினான். லண்டன்காரி ஒரு புதுக் கருவியின் படத்தை அனுப்பினாள். கங்வா இருவருக்கும் நன்றி எழுதினார். மீன் கிடைக்காத பூனை போல ஜெரே புதுத் தொப்பியோடு நிற்கும் படத்துக்கு ஒரு நாள் இரண்டு வரி கேலி எழுதிப் பார்த்தார். பதிலுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. கும்பிடும் கைகள் பதினொன்று வந்தன. 'தைரியமாக இரு, சகோதரா' என்று ஜெரேயே எழுதியிருந்தான்.

மாலையில் பிரிஸ்கா சந்தையிலிருந்து வந்ததும் கங்வா அவளை வெளிச்சம் படும்படி வாசலில் உட்கார வைக்கிறார். தானும் எதிரே உட்காருகிறார். கசுபாவின் உதடு அசைந்ததை அவர் அப்படியே நினைவில் வைத்திருக்கிறார். முதலில் குவிந்தது, பிறகு விரிந்தது, நடுவில் ஒரு முறை மூடித் திறந்தது.

"பிள்ளைங்களைப் பாத்துக்கோ" என்று பிரிஸ்கா சத்தமில்லாமல் வாயசைக்கிறாள்.

அவர் இல்லை என்று தலையை அசைக்கிறார்.

"தண்ணி கொடு."

"இல்ல. அதைவிட நீளம்."

"நீ வந்ததே போதும்."

அவர் முன்னால் சாய்ந்து பார்க்கிறார். "திரும்பச் சொல்லு."

அவள் திரும்பச் சொல்கிறாள். அவர் தன் உதட்டிலும் அதை அசைத்துப் பார்க்கிறார். பிறகு அதுவும் இல்லை என்கிறார். அந்த உதட்டசைவுக்கு அது பொருந்தாது என்பது அவளுக்கும் தெரியும். அதுவாகத்தான் இருக்கும் என்று அவர் ஒரு நாள் ஒப்புக்கொண்டுவிட மாட்டாரா என்று தினமும் அதை நடுவில் ஒரு முறை சேர்த்துவைக்கிறாள்.

"போதும் கலுபா அப்பா. இருட்டப் போகுது. நான் போய் அடுப்பு மூட்டணும்" என்று அவர் காதில் சொல்லிவிட்டு, அவர் இன்னொன்று கேட்பதற்காக அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்.